நாளை காலை குழந்தைக்கு முதுகு ஆபரேஷன். "ஃபிளாப் போட வேண்டியிருக்கும்" என்கிறார்கள். யாராவது விளக்க முடியுமா?

இரண்டுநாள்_அம்மா
முதல் நாள், இரவு 10.50

நேற்று விடியற்காலையில் மகன் பிறந்தான். எடை 2.9 கிலோ. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் நடுவில், தோலே இல்லாமல் சிவப்பாக ஒரு இடம். அதன் மேல் கண்ணாடித்தாள் போல் மெல்லிய சவ்வு. மைலோமெனிஞ்சோசீல் என்றார்கள். முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா என்ற குறையில் இது கடுமையான வகையாம்.

நாளை காலை ஆபரேஷன். நரம்பியல் அறுவை மருத்துவர் தண்டுவடத்தை உள்ளே வைத்து மூடுவார். "ஆனால் அகலம் 6 சென்டிமீட்டர் இருக்கிறது, தோல் எட்டாது. பிளாஸ்டிக் சர்ஜன் வந்து ஃபிளாப் போடுவார்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்க நினைத்ததெல்லாம் அவர்கள் போன பிறகுதான் ஞாபகம் வருகிறது.

ஃபிளாப் என்றால் என்ன? தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்து ஒட்டுவதா? என் தோலை எடுத்துக்கொள்ள முடியாதா? எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். இன்னும் அவனை ஒரு முறைகூட மடியில் போடவில்லை. யாராவது விழித்திருந்தால் சொல்லுங்கள்.


வார்டு_விளக்கு
முதல் நாள், இரவு 11.05

நான் என்.ஐ.சி.யூ. (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸ். ஆபரேஷனைப் பற்றி மருத்துவர்கள் யாராவது வந்து சொல்வார்கள். இன்று இரவைப் பற்றி நான் சொல்கிறேன்.

இப்போது அவனைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைத்திருப்பார்கள். முதுகின் மேல் உப்புநீரில் நனைத்த, ஒட்டாத டிரெசிங் இருக்கும். அதைக் காயவிடக் கூடாது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, ஈரமும் சூடும் போகாமல் இருக்க. மலம் அந்த இடத்துக்கு ஏறாமல் கீழே ஒரு தடுப்பு ஒட்டியிருப்பார்கள். ஆன்டிபயாடிக் ஊசி போய்க்கொண்டிருக்கும். இதெல்லாம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. மடியில் போட முடியாவிட்டாலும் தலைமாட்டில் போய் நின்று கையை அவன் தலையில் வைக்கலாம். பேசலாம். உங்கள் குரல் அவனுக்குத் தெரியும். இப்போதே போங்கள்.


ஊசிநூல்
முதல் நாள், இரவு 11.48

நான் பிளாஸ்டிக் சர்ஜன். இந்தக் குழந்தைகளுக்குப் பல வருடங்களாக முதுகு மூடி வருகிறேன். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

உங்கள் தோலை எடுக்க முடியாது. தாயின் தோலாக இருந்தாலும் குழந்தையின் உடல் அதை வேற்றாள் தோலாகத்தான் பார்க்கும், கொஞ்ச நாளில் தள்ளிவிடும். நிரந்தரமாக நிற்பது அவனுடைய சொந்தத் தோல் மட்டும்தான்.

தொடையில் சீவி எடுத்து ஒட்டுவதற்குப் பெயர் கிராஃப்ட். அது ரத்தக்குழாயை விட்டுவிட்டு வரும் தோல். போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து ரத்தம் கிடைத்தால்தான் பிழைக்கும். நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது போல, அடியில் மண் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அடியில் இருக்கப்போவது அப்போதுதான் தைத்து மூடிய உறை. அதன் மேல் மெல்லிய தோலை ஒட்டிப் பிடித்துக்கொண்டாலும், நாளைக்கு அவன் சாய்ந்து உட்காரும்போது உரசி உரசிப் புண்ணாகும். ஃபிளாப் வேறு. ஒரு கொடியை வேரைத் தொடாமல் வளைத்துப் பக்கத்துப் பந்தலில் படரவிடுகிறோம் அல்லவா, அது போல. தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும் (சில நேரம் தசையும்) ஒரு பக்கம் உடலோடு ஒட்டியபடியே இருக்கும். அந்தப் பக்கம் வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும். மறுபக்கத்தை மட்டும் விடுவித்து நடுவுக்குக் கொண்டுவருவோம்.

நாளை நடக்கப்போவதை வரிசையாகச் சொல்கிறேன். தண்டுவடம் கருவில் முதலில் தட்டையாகத்தான் இருக்கும், பிறகு குழாயாகச் சுருண்டு மூடிக்கொள்ளும். அவனுக்கு அந்த இடத்தில் மூடாமல் தட்டையாகவே நின்றுவிட்டது. நரம்பியல் அறுவை மருத்துவர் அந்தத் தட்டைப் பகுதியைச் சுற்றியுள்ள தோலிலிருந்து பிரித்தெடுப்பார். தோலின் சின்னத் துணுக்குகூட உள்ளே தங்கக் கூடாது. தங்கினால் வருடங்கள் கழித்து அங்கே கட்டியாக வளரும். பிறகு தண்டுவடத்தைக் குழாய் போல் சுருட்டி மயிரிழை போன்ற நூலால் தைப்பார். அதன் மேல் டியூரா என்ற உறை, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர் கசியாதபடி. அதன் மேல் முதுகுத் தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான சவ்வு. முடிந்தால் தசையையும் இரு பக்கத்திலிருந்தும் நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு மெத்தை போல வைப்போம். கடைசியில்தான் தோல்.

தோல் கடைசி அடுக்கு என்பதால் அதைச் சின்ன வேலையாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தம். உள்ளே எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் மேலே தோல் பிரிந்தால் நீர் கசியும். நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். அது மூளைக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

தோல் பிரிவதற்குப் பெரிய காரணம் இழுவிசை. சின்னதாகிப்போன சட்டைக்கு வலுக்கட்டாயமாகப் பித்தான் போட்டால் பித்தானைச் சுற்றித் துணி எப்படி இழுத்துக்கொண்டு நிற்கும், அப்படி. இழுத்துத் தைத்த தோல் தையல் ஓரத்தில் வெளுத்துப்போகும். வெளுப்பு என்றால் அங்கே ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். ஆபரேஷன் மேசையில் "எப்படியோ சேர்ந்துவிட்டது" என்று தோன்றும். மயக்கம் தெளிந்து குழந்தை வீறிட்டு அழுது, வீக்கமும் சேரும்போதுதான் உண்மை தெரியும். ஆகவே நாங்கள் ஃபிளாப் போடுவது பக்கத்தில் தளர்வாக இருக்கும் தோலைக் கடன் வாங்கி, இழுவிசையை நடுக்கோட்டிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுவதற்காக.

எந்த ஃபிளாப் என்பது புண்ணின் வடிவத்தைப் பொறுத்தது. நீளவாக்கில் இருந்தால் இரண்டு விலாப்பக்கத் தோலையும் அடியில் விடுவித்து நடுவுக்கு நகர்த்தலாம். வட்டமாக இருந்தால் எதிரெதிர் பக்கங்களிலிருந்து இரண்டு பிறைகளைச் சுழற்றிக் கொண்டுவரலாம், தையல் ஓடை போல வளைந்து போகும். சாய்சதுரமாக வெட்டி 60 பாகை, 120 பாகைக் கோணங்களில் திருப்பும் முறை ஒன்று உண்டு, லிம்பெர்க் என்ற சோவியத் அறுவை மருத்துவர் வகுத்தது. ஆஸ்திரேலியாவின் ஃபீலிக்ஸ் பெஹான் 2003-ல் எழுதிய கீஸ்டோன் ஃபிளாப் வளைவான ஒரு தீவு போல இருக்கும், அடியிலிருந்து மேலே வரும் சின்ன ரத்தக்குழாய்களை அறுக்காமல் அப்படியே நகர்த்தலாம். நான் இப்போது அதிகம் கையில் எடுப்பது அதைத்தான். ரொம்பப் பெரிய புண்ணுக்கு முதுகின் அகன்ற தசையையோ பின்புறத் தசையையோ தோலோடு சேர்த்து நகர்த்துவதும் உண்டு. அதை நான் கடைசியாகத்தான் யோசிப்பேன், காரணம் நாளை சொல்கிறேன்.

காலையில் மருத்துவரைப் பார்த்தால் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். எங்கே வெட்டு, எது எங்கே நகரும், பக்கவாட்டில் ஏதாவது திறந்த காயம் மிச்சமிருக்குமா என்று. வரைந்து காட்டச் சொன்னால் எந்த மருத்துவருக்கும் சந்தோஷம்தான்.


இரண்டுநாள்_அம்மா
இரண்டாம் நாள், அதிகாலை 12.20

டாக்டர், இரண்டு தடவை படித்தேன். கொடி என்று சொன்னதும் புரிந்துவிட்டது. இவ்வளவு சின்ன உடம்பில் ரத்தம் எவ்வளவு போகும்? அதுதான் பயம்.

வார்டு அக்கா, போய்த் தலையைத் தொட்டுவிட்டு வந்தேன். விரலைப் பிடித்துக்கொண்டான்.


ஊசிநூல்
இரண்டாம் நாள், அதிகாலை 12.31

நல்ல கேள்வி. பிறந்த குழந்தைக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 80 முதல் 85 மில்லி ரத்தம். உங்கள் மகனுக்கு மொத்தமே 240 மில்லி அளவில்தான் இருக்கும். 25 மில்லி போனாலே பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் நாங்கள் பஞ்சைக்கூட எடை போட்டுப் பார்ப்போம். வெட்டும் இடத்தில் ரத்தக்குழாயைச் சுருங்க வைக்கும் மருந்தைச் சிறிதளவு செலுத்துவது உண்டு. தேவைப்பட்டால் ஏற்ற ரத்தமும் தயாராக இருக்கும். அறையைச் சூடாக வைப்பதும் அதே அளவுக்கு முக்கியம், இந்த வயதில் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். இப்போது தூங்குங்கள் அம்மா.


நியூரோ_பயிற்சி
இரண்டாம் நாள், காலை 7.15

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. படிக்கிற மற்ற பெற்றோர் எல்லாக் குழந்தைக்கும் ஃபிளாப் தேவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரத்தோலை அடியில் கொஞ்சம் விடுவித்தாலே நேராகச் சேர்ந்துவிடும். ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் அதைத் தாண்டிய வேலை வேண்டியிருக்கும். நேராக மூடினால் நேரம் குறைவு, ரத்த இழப்பு குறைவு, தழும்பும் ஒற்றைக் கோடு. பின்னாளில் தண்டுவடம் உள்ளே ஒட்டிக்கொண்டு மறுபடி திறக்க வேண்டி வந்தால், அந்த ஒற்றைக் கோடு எங்களுக்கு வசதி.

பிறந்த 48 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள் மூடிவிட வேண்டும் என்பதும் இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜனுக்காகக் காத்திருந்து அந்த நேரத்தைத் தாண்டுவது நல்லதல்ல.


ஒன்பதுவயதுக்காரனின்_அப்பா
இரண்டாம் நாள், காலை 8.02

தம்பி, நீங்கள் சொல்வது எண்ணிக்கையில் சரி. நான் அந்த நால்வரில் ஒருவனின் அப்பா.

என் மகனுக்கும் நேராகத்தான் மூடினார்கள். "கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, பார்ப்போம்" என்றார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன், அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். நான்காம் நாள் தையல் ஓரம் ஊதா நிறம். ஆறாம் நாள் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் பிரிந்தது. டிரெசிங் நனைந்துகொண்டே இருந்தது. "வியர்வையாக இருக்கும்" என்று ஒரு இரவு கழிந்தது. மறுநாள் காய்ச்சல், வலிப்பு. மூளைக்காய்ச்சல். மூன்று வாரம் ஆன்டிபயாடிக், அப்புறம்தான் ஃபிளாப். இரண்டாம் தடவை திறக்கும்போது தோல் முன்பைவிடக் குறைவு, ஓரமெல்லாம் கெட்டுப்போயிருந்தது.

இன்று அவன் பள்ளிக்குப் போகிறான், படங்கள் நன்றாக வரைகிறான். ஆனால் அந்த மூன்று வாரம் அவனிடமிருந்து ஏதோ எடுத்துக்கொண்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தங்கச்சி, உன் மகனுக்கு முதல் தடவையே ஃபிளாப் என்று முடிவு செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.


ஊசிநூல்
இரண்டாம் நாள், காலை 8.40

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி.

பயிற்சி மருத்துவருக்கு: நேராக மூட முடிந்தால் நேராகவே மூட வேண்டும், அதில் நமக்குள் சண்டை இல்லை. என் மனக்குறை "பார்ப்போம்" என்ற சொல்லின் மேல்தான். குழந்தை பிறந்த அன்றே எங்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், சுற்றிலும் தோல் மெல்லியதாக இருப்பது, முதுகெலும்பு வெளியே துருத்திக்கொண்டிருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் முதல் வெட்டுக்கு முன்பே இருவரும் சேர்ந்து கோடு போட வேண்டும். டியூராவை மூடிவிட்டு, தோல் எட்டவில்லை என்று எங்களைத் தேடும்போது ஓரத்தோல் ஏற்கெனவே சுற்றிலும் விடுவிக்கப்பட்டு, அடியிலிருந்து வந்த ரத்தக்குழாய்கள் அறுபட்டிருக்கும். எனக்குத் தேவைப்பட்ட குழாய்கள் அவைதான்.


நியூரோ_பயிற்சி
இரண்டாம் நாள், காலை 8.58

ஏற்றுக்கொள்கிறேன் டாக்டர். ரத்தக்குழாய் விஷயத்தை நான் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. அண்ணா, மன்னிக்கவும். எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாது.


இரண்டுநாள்_அம்மா
இரண்டாம் நாள், மாலை 5.30

முடிந்தது. நான்கு மணி நேரம். ரத்தம் ஏற்றவில்லை.

காலையில் படம் வரைந்து காட்டச் சொன்னேன். பேனாவை எடுத்து உடனே வரைந்தார். நீங்கள் சொன்ன இரண்டு பிறைகள்தான் டாக்டர். ஒன்று வலப்பக்கம் மேலிருந்து, ஒன்று இடப்பக்கம் கீழிருந்து. பக்கவாட்டில் திறந்த காயம் இல்லை. வெளியே வந்து "தோல் இழுக்காமல் உட்கார்ந்துவிட்டது" என்றார். இப்போது குப்புறப் படுத்துத் தூங்குகிறான். முதுகில் இவ்வளவு பெரிய வளைந்த தையலைப் பார்க்க நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அந்தச் சிவப்பு இடம் மூடிவிட்டது.


வார்டு_விளக்கு
இரண்டாம் நாள், மாலை 6.10

கண் கலங்கிவிட்டது எனக்கு.

இனி எங்கள் முறை. இரண்டு வாரத்துக்கு மல்லாக்கப் படுக்கவைக்க மாட்டார்கள். தாய்ப்பால் கொடுக்க விரும்பினால் கேளுங்கள், அவனை ஒருக்களித்து வைத்தோ, உங்கள் மார்பின் மேல் குப்புறப் போட்டோ கொடுக்க வழி உண்டு. தையலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு விலகினால் உடனே சொல்லுங்கள். இந்த வயதில் மலம் அடிக்கடி போகும், அவனுக்கு அடக்கும் கட்டுப்பாடும் குறைவு. தையல் கெடுவதற்கு அது ஒரு பெரிய காரணம். ஒவ்வொரு வேளையும் டயப்பரை மாற்றும்போது முதலில் என் கண் போவது அந்தத் தடுப்பின் ஓரத்துக்குத்தான்.

இன்னும் ஒன்றை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: லேட்டக்ஸ். ஸ்பைனா பைஃபிடா குழந்தைகள் சின்ன வயதிலிருந்தே பல ஆபரேஷன், டியூப் என்று போவதால் ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை வரும் வாய்ப்பு அவர்களுக்கு மிக அதிகம். கையுறை, டியூப், பின்னாளில் பலூன், எதுவும் லேட்டக்ஸ் இல்லாததாக இருக்கட்டும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வரியில் இதைச் சொல்லுங்கள்.


இரண்டுநாள்_அம்மா
ஐந்தாம் நாள், காலை 6.05

டாக்டர், இடப்பக்கப் பிறையின் நுனி கறுத்த நீலமாக இருக்கிறது. இரவு நன்றாக இருந்தது. புகைப்படம் போடவா? அண்ணன் சொன்ன ஊதா நிறம் ஞாபகம் வந்து கை நடுங்குகிறது.


ஊசிநூல்
ஐந்தாம் நாள், காலை 6.12

புகைப்படம் வேண்டாம், அதைப் பார்த்து நான் சொல்வது சரியாக இருக்காது. இப்போதே நர்ஸைக் கூப்பிட்டு "ஃபிளாப் நுனி நிறம் மாறியிருக்கிறது, அறுவை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். டிரெசிங் நனைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அவர்கள் வரும்வரை படிக்க: ஃபிளாப்பில் நுனிதான் வேரிலிருந்து தூரம், அதனால் முதலில் சிரமப்படுவது அதுதான். வெளுத்துக் குளிர்ந்திருந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலமாக உப்பலாக இருந்தால் உள்ளே வந்த ரத்தம் வெளியேற முடியவில்லை. விரலால் மெதுவாக அழுத்தி விட்டால் நிறம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். நுனி மட்டும் என்றால் பல நேரம் அந்த இடம் தானாகக் காய்ந்து உதிரும், அடியில் புதுத் தோல் வரும். அடியில் தசையும் சவ்வும் மூடியிருப்பதால் நுனித்தோல் கொஞ்சம் போனாலும் தண்டுவடம் வெளியே தெரியாது. அந்த மெத்தை அடுக்கை அதற்காகத்தான் வைக்கிறோம்.


இரண்டுநாள்_அம்மா
ஐந்தாம் நாள், காலை 9.40

வந்து பார்த்தார். ஒரு சென்டிமீட்டர் நுனி மட்டும், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. டிரெசிங் உலர்ந்திருக்கிறது. ஒரு தையலை மட்டும் எடுத்துத் தளர்த்திவிட்டார். "காத்திருப்போம், ஆனால் ஆறு மணிக்கொருமுறை பார்ப்போம்" என்றார். "பார்ப்போம்" என்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது போல.


ஒன்பதுவயதுக்காரனின்_அப்பா
ஐந்தாம் நாள், காலை 10.15

இருக்கிறது தங்கச்சி. ஆறு மணிக்கொருமுறை வந்து பார்க்கிறவர் சொல்லும் "பார்ப்போம்" வேறு.


21வாரம்
ஆறாம் நாள், பகல் 2.20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இது 21-ஆம் வாரம். ஸ்கேனில் இதேதான் தெரிந்திருக்கிறது. கருவிலேயே மூடலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? ஃபோலிக் அமிலம் ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் இது வந்ததா?


நியூரோ_பயிற்சி
ஆறாம் நாள், மாலை 4.00

உண்மை. அமெரிக்காவில் நடந்த மாம்ஸ் என்ற ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. 26 வாரத்துக்கு முன் கருப்பையைத் திறந்து குழந்தையின் முதுகை மூடினார்கள். ஒரு வயதுக்குள் தலையில் ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைக்க வேண்டி வந்தவர்கள், கருவில் மூடியவர்களில் 40 சதவீதம், பிறந்த பின் மூடியவர்களில் 82 சதவீதம். இரண்டரை வயதில் துணையில்லாமல் நடந்தவர்கள் 42 சதவீதம், 21 சதவீதம். ஆனால் குழந்தை பெரும்பாலும் குறைமாதத்தில் பிறக்கும், சராசரி 34 வாரம். தாயின் கருப்பைத் தழும்பு பலவீனமாகும், அடுத்தடுத்த பிரசவங்களுக்கும் அது ஆபத்து. எல்லோருக்கும் பொருந்தாது, எல்லா இடத்திலும் செய்வதும் இல்லை. உங்களுக்கு நேரம் குறைவு, ஆகவே கருவிலேயே அறுவை செய்யும் மையத்தில் இந்த வாரமே பேசுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு. தண்டுவடமாக மாறும் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். கர்ப்பம் என்று பலருக்குத் தெரியவருவதே அதையொட்டித்தான். ஃபோலிக் அமிலம் ஆபத்தைக் குறைக்கிறது என்பது 1991-லேயே உறுதியானது, ஆனால் ஒழுங்காகச் சாப்பிட்ட தாய்மார்களுக்கும் இது வருகிறது. மரபணு, சில வலிப்பு மருந்துகள், சர்க்கரை நோய் என்று பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. உங்கள் தவறு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன் மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள், வழக்கமான 400 மைக்ரோகிராமுக்குப் பதில் அதன் பத்து மடங்கு, அதாவது 4 மில்லிகிராம் அளவில் எழுதிக் கொடுப்பார்கள்.


ஊசிநூல்
ஆறாம் நாள், இரவு 9.30

கருவில் மூடும்போதும் தோல் எட்டாத சிக்கல் உண்டு, அங்கேயும் பக்கவாட்டில் வெட்டித் தளர்த்துவதோ ஒட்டுப்பொருள் வைப்பதோ நடக்கிறது. அதை அந்த மையத்திலேயே கேளுங்கள், 21வாரம்.

தசை ஃபிளாப்பைக் கடைசியாக யோசிப்பேன் என்று சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாமல் விட்டேன். இந்தக் குழந்தைகளில் பலர் பின்னாளில் ஊன்றுகோலிலோ சக்கர நாற்காலியிலோ போவார்கள். கையை ஊன்றி உடம்பைத் தூக்கி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற முதுகின் அகன்ற தசை வேண்டும். நடக்கக்கூடிய குழந்தைக்குப் பின்புறத் தசை வேண்டும். இன்று ஒரு புண்ணை மூடுவதற்காக இருபது வருடம் கழித்து அவனுக்குத் தேவைப்படும் தசையை நான் எடுத்துவிடக் கூடாது. வேறு வழியே இல்லாதபோது செய்திருக்கிறேன், தசையின் நரம்பைக் காப்பாற்றி, ஒட்டியிருக்கும் இடத்தை முழுதாக அறுக்காமல். ஆனால் தோலாலும் முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகளாலும் முடிகிற இடத்தில் பெரிய தசையைத் தொட மனம் வராது.


நான்குசக்கரம்
ஏழாம் நாள், காலை 11.00

டாக்டர் சொன்னதை என் உடம்பால் உறுதி செய்கிறேன். எனக்கு 31 வயது. ஸ்பைனா பைஃபிடா. பிறந்த மூன்றாம் நாள் மூடியது, முதுகில் பெரிய சாய்சதுரத் தழும்பு. தினமும் சக்கர நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் காருக்கும் என் தோளும் முதுகும்தான் என்னைத் தூக்குகின்றன. அந்தத் தசையை எடுக்காமல் விட்ட மருத்துவர் யாரென்று எனக்குத் தெரியாது.

அக்கா, உங்கள் மகனின் தழும்பைப் பற்றி ஒரு விஷயம். நகர்த்திய தோலிலும் அதற்குக் கீழேயும் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். செருப்பு கடித்தாலும், நாற்காலி விளிம்பு அழுத்தினாலும், சுடுநீர் பட்டாலும் வலிக்காது. வலி சொல்லாத இடத்தைக் கண்தான் பார்க்க வேண்டும். நான் தினமும் இரவில் கண்ணாடி வைத்து முதுகு, பின்புறம், குதிகால் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன். சிவந்த இடம் அழுத்தம் நீங்கியும் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அன்று அந்தப் பக்கம் சாய மாட்டேன். என் அம்மா நான் பேசத் தொடங்கும் முன்பே இதைப் பழக்கிவிட்டார்.

சிறுநீருக்குச் சுத்தமான டியூபைச் சில மணிக்கொருமுறை வைத்து எடுக்கும் முறையைக் கற்றுத் தருவார்கள். பயந்துவிடாதீர்கள். 1972-ல் லாபிடீஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் என் போன்றவர்களின் சிறுநீரகங்கள் பிழைத்தன.


இரண்டுநாள்_அம்மா
பன்னிரண்டாம் நாள், இரவு 8.45

முதலில் நல்லது: நுனி காய்ந்து உதிர்ந்துவிட்டது, அடியில் புதுத் தோல் வருகிறது. பாதித் தையலை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று: தலைச் சுற்றளவு நான்கு நாளாகக் கூடிக்கொண்டே போகிறது. உச்சிக்குழி உப்பியிருக்கிறது. இன்று தையலின் கீழ் ஓரத்தில் ஒரு துளி தெளிந்த நீர். ஃபிளாப் தோற்றுவிட்டதா?


நியூரோ_பயிற்சி
பன்னிரண்டாம் நாள், இரவு 8.52

இல்லை அக்கா. இதுவரை முதுகின் திறப்பு வழியாக வெளியேறிக்கொண்டிருந்த நீருக்கு இப்போது வழி அடைபட்டிருக்கிறது. அது மூளைக்குள் தேங்கி, அழுத்தம் கூடி, மூடிய இடத்தில் பலவீனமான மூலையைத் தேடுகிறது. முதுகை மறுபடி தைப்பதால் மட்டும் இது நிற்காது, தலையில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஷன்ட் வைப்பார்கள், அல்லது உள்நோக்கி (எண்டோஸ்கோப்) வழியாக மூளைக்குள்ளேயே நீருக்கு வழி திறப்பார்கள். துளி நீர் வந்ததை இன்று இரவே சொல்லிவிட்டீர்களா?


இரண்டுநாள்_அம்மா
பன்னிரண்டாம் நாள், இரவு 8.55

சொல்லிவிட்டேன். ஸ்கேனுக்கு எடுத்துப் போகிறார்கள்.


ஒன்பதுவயதுக்காரனின்_அப்பா
பன்னிரண்டாம் நாள், இரவு 9.20

நானும் விழித்திருக்கிறேன் தங்கச்சி. காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஜான் ஹோல்டர் என்று அமெரிக்காவில் ஒருவர், இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் மகன் கேசிக்கும் இதே நோய், தலையில் நீர். அன்றிருந்த டியூப்கள் அடைத்துக்கொண்டே இருந்தன. மருத்துவம் படிக்காத அந்த அப்பா தன் பட்டறை அறிவை வைத்து ஒரு வால்வு செய்தார். 1956-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது, எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்தது. கேசி சில வருடங்களே வாழ்ந்தான். என் மகனின் காதுக்குப் பின்னால் இருக்கும் ஷன்ட்டைத் தொடும்போதெல்லாம் அந்த அப்பாவை நினைத்துக்கொள்வேன்.


இரண்டுநாள்_அம்மா
பதினாறாம் நாள், பகல் 1.10

ஷன்ட் வைத்தாகிவிட்டது. மறுநாளே முதுகில் கசிவு நின்றுவிட்டது. உச்சிக்குழி மென்மையாகிவிட்டது. இன்று முதல் முறையாக மடியில் போட்டுக்கொண்டேன், குப்புறத்தான். ஒரு மணி நேரம் அசையவில்லை நான்.


இரண்டுநாள்_அம்மா
ஐந்து மாதம் கழித்து

எல்லோரும் நலமா? பெயரை மாற்றத் தெரியவில்லை, இன்னும் இரண்டுநாள் அம்மாவாகவே இருக்கிறேன். அவன் 6.8 கிலோ. தொடையை அசைக்கிறான், முழங்காலை நீட்டுகிறான், பாதம் அசைவதில்லை. பிசியோதெரபி போகிறோம். தழும்பு ஓடை மாதிரி வளைந்து வெளுத்துவிட்டது.

கேள்வி இதுதான். இன்னும் மல்லாக்கப் படுக்க வைக்கப் பயமாக இருக்கிறது. தழும்பு தாங்குமா? மாமியார் எண்ணெய் தேய்த்து நன்றாக அழுத்திவிடலாம் என்கிறார். 21வாரம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?


ஊசிநூல்
ஐந்து மாதம் கழித்து, அதே நாள்

தாராளமாக மல்லாக்கப் போடுங்கள். காயம் எப்போதோ ஆறிவிட்டது, தூங்க வைப்பதும் மல்லாக்கத்தான் பாதுகாப்பு. தழும்பின் மேல் வாசனை இல்லாத கிரீம் ஏதாவது மெதுவாகத் தடவலாம், அழுத்தித் தேய்க்க வேண்டாம், அடியில் எலும்பு முழுதாக மூடியில்லை. வெயில் படாமல் பாருங்கள். தழும்பின் மேல் புதிதாக மேடு, கசிவு, அல்லது கால் அசைவில் முன்பிருந்ததைவிடக் குறைவு தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். உட்காரத் தொடங்கும்போது நாற்காலியின் பின்பக்கம் கெட்டியாக இல்லாமல் பாருங்கள்.


நான்குசக்கரம்
ஐந்து மாதம் கழித்து, அதே நாள்

இரவில் முதுகைப் பார்க்கிறீர்களா அக்கா?


இரண்டுநாள்_அம்மா
ஐந்து மாதம் கழித்து, அதே நாள்

தினமும். முதுகு, பின்புறம், குதிகால். இப்போது குதிகாலைத் தொட்டாலே விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான். இன்று மல்லாக்கப் போட்டேன். பத்து நிமிடம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.


21வாரம்
ஐந்து மாதம் கழித்து, மறுநாள்

இருக்கிறேன் அக்கா. கருவில் மூட எங்களுக்குப் பொருந்தவில்லை. மகள் பிறந்து 26 நாள் ஆகிறது. பிறந்த அன்றே இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து வந்து பார்த்தார்கள், நான்தான் கேட்டேன். அவளுக்கு நேராகவே சேர்ந்துவிட்டது, தையல் காய்ந்திருக்கிறது. நேற்று டிஸ்சார்ஜ்.